அம்மா பெயரில் யாரோ கடனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறார்கள், முதலில் எங்கே போவது?

மெலிந்தாங்_பையன்
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 57 வயது, உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. நேற்று வேலை முடிந்து வந்தால், பிரித்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த மலாய்க் கடிதம். அம்மா பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், எங்கள் லயத்து (தோட்ட வரிசைவீடு) வீட்டு நம்பர், எல்லாம் சரியாக இருக்கிறது. போன வருஷம் ஒய்15 மோட்டார் எடுத்தாராம். ஏழு மாதமாகத் தவணை கட்டவில்லையாம். 14 நாளில் 2,380 வெள்ளி (ரிங்கிட்) கட்டாவிட்டால் வழக்காம்.

அம்மாவுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

ஐசி தொலையவில்லை. இப்போதும் அவருடைய சுருக்குப்பையில்தான் இருக்கிறது. போலிஸுக்குப் போவதா, கம்பெனிக்குப் போவதா, ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) போய்ப் புது ஐசி எடுப்பதா? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பிக்கடை
தம்பி, பயப்படாதே. ஒரு மாதத் தவணையை மட்டும் கட்டிவிட்டு, வழக்கு போடாமல் நிறுத்தச் சொல். அப்புறம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். என் மச்சானுக்கு இப்படித்தான் செய்தோம்.

லாடாங்_மகள்
கோப்பிக்கடை அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். நான் ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு தவணை கட்டினால் போதும், "கடன் உங்களுடையது இல்லை என்றால் ஏன் கட்டினீர்கள்?" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. தம்பி, ஒரு காசு கட்ட வேண்டாம். போனில் "சரி, பார்க்கிறேன், கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்றுகூடச் சொல்ல வேண்டாம். "இது நான் எடுத்த கடன் இல்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும், அதையும் எழுத்தில்.

முதலில் போலிஸ் ரிப்போர்ட். எந்த ஸ்டேசனிலும் போடலாம், பணம் கிடையாது. அதன் நகல் கையில் இருந்தால்தான் கம்பெனி உங்களிடம் மரியாதையாகப் பேசும். பிறகு, ரிப்போர்ட் நகலோடு கம்பெனிக்கு ஒரு கடிதம். அதில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கணக்கை நிறுத்தி விசாரிக்க வேண்டும். இன்னொன்று, கடன் விண்ணப்பம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இணைத்த ஐசி நகல் எல்லாவற்றுக்கும் பிரதி வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2010, உங்கள் பெயரில் ஒரு கம்பெனி வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமையைக் கொடுக்கிறது. 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கையில் கிடைத்த 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும், அதை ரத்து செய்ய மறுபடியும் அலைய வேண்டும்.

பசார்_மாலாம்
997-க்கு அடிக்கவில்லையா? அங்கேதானே மோசடிப் புகார்?

சித்தியவான்_அக்கா
997 வேறு விஷயம் தம்பி. உங்கள் கணக்கிலிருந்து இப்போதுதான் பணம் போய்விட்டது என்றால், அது அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் பிடிக்கத்தான் அந்த நம்பர். 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். அப்படிப் பணம் போனால் யோசிக்காமல் உடனே அடிக்க வேண்டும், பேங்குக்கும் அடிக்க வேண்டும். இங்கே பணம் போகவில்லை, பெயர்தான் போயிருக்கிறது. இதற்கு ரிப்போர்ட்தான்.

மெலிந்தாங்_பையன், ஒரு மோட்டாரோடு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை வேலை செய்த ஐசி நகலை இன்னொரு தடவையும் பயன்படுத்துவார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் இசிசிரிஸ் என்று இருக்கிறது, இலவசம். அம்மா பெயரில் எந்தெந்த பேங்கில் என்ன கடன், கடந்த 12 மாதம் எப்படிக் கட்டினார்கள் என்று தெரியும். ஆனால் கடன் கொடுக்கிற எல்லாரும் அதில் வருவதில்லை. மோட்டார் கடை, தளவாடக் கடை, சின்னக் கடன் கம்பெனி எல்லாம் விட்டுப்போகலாம். அதனால் சிடோஸ் என்ற தனியார் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையையும் பாருங்கள். தவறான பதிவு இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், 2010-ல் வந்த கடன் தகவல் நிறுவனச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு.

அப்புறம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) போங்கள். அந்த மோட்டார் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்று பாருங்கள். அம்மா பெயரில் இருந்தால், அந்தப் பையன் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனாலும் சம்மன் அம்மாவுக்குத்தான் வரும். யாரையாவது இடித்துவிட்டுப் போனால்? போலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.

மெலிந்தாங்_பையன்
அக்கா, ரொம்ப நன்றி. ஜேபிஜே யோசனை எனக்கு வரவே இல்லை. நாளைக்கே பார்க்கிறேன். புது ஐசி எடுத்தால் பழைய நகல் செல்லாமல் போய்விடும் அல்லவா?

முன்னாள்_கிராணி
போகாது ஐயா. அட்டை மாறும், நம்பர் மாறாது. அந்த 12 எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சாகும்வரை அதுதான். அட்டை தொலைந்தாலோ பறிபோனாலோ ஜேபிஎன் போக வேண்டும். இங்கே போனது நகல். அதற்கு ஜேபிஎன்னில் செய்ய ஒன்றும் இல்லை.

நான் 31 வருஷம் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு விஷயம் கேட்கிறேன். கடன் ஒப்பந்தத்தில் என்ன தேதி? அந்தத் தேதியில் உங்கள் அம்மா வேலைக்கு வந்திருந்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், இருக்கும். காலையில் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நின்றது, எத்தனை மூட்டை உதிரிப்பழம் போட்டது, எல்லாம் பதிவாகி இருக்கும். தெலுக் இந்தான் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அதே நேரத்தில் ஒருவர் காட்டுக்குள் பழம் பொறுக்க முடியாது. ஆபீசில் அந்த மாதத்துப் பக்கத்துக்கு ஒரு நகல் கேளுங்கள். நாள் தள்ளிப் போட வேண்டாம், பழைய செக்ரோலை எங்கே கட்டிப் போட்டார்கள் என்று தேடுவதே ஒரு வேலை.

கோப்பிக்கடை
லாடாங்_மகள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், கட்ட வேண்டாம். ஆனால் ரிப்போர்ட் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று தம்பிக்கு ஆசை காட்டாதீர்கள். என் அண்ணன் பெயரில் போன் லைன் எடுத்தார்கள். ரிப்போர்ட் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. காகிதம் நம்மிடம் இருக்கிறது, கேஸ் தூங்குகிறது.

லாடாங்_மகள்
தூங்கினால் எழுப்பலாம் அண்ணே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் தாண்டிவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். சின்னக் குற்றங்களுக்கு இது பொருந்தாது, ஏமாற்று வழக்குக்குப் பொருந்தும். உங்கள் அண்ணன் இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை எழுதிக் கேட்டார்?

கோப்பிக்கடை
ஒரு தடவையும் கேட்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

மெலிந்தாங்_பையன்
நான்கு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். வீட்டில் சண்டை.

ஜேபிஜேயில் பார்த்தேன். மோட்டார் அம்மா பெயரில்தான். சிசிரிஸில் ஒன்றும் இல்லை, அதுவரை நிம்மதி. ரிப்போர்ட் மட்டும் இன்னும் போடவில்லை. அம்மா விடவில்லை. ஏன் என்று நேற்று ராத்திரிதான் சொன்னார். என் மாமா மகன் ஒருவன் போன வருஷம் புது ஒய்15 வைத்திருந்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தான். அம்மாவின் சுருக்குப்பை தொங்கும் ஆணிக்குக் கீழேதான் படுத்திருந்தான். "அவனாகத்தான் இருக்கும், தம்பி மகனைப் போலிசில் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அவன் வீட்டு வாசலில் நிற்பது? கடனை நாமே மெல்லக் கட்டிவிடலாம்" என்கிறார். கடன் மொத்தம் ஒன்பதாயிரத்துக்கு மேல். அம்மா சம்பளம் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

சித்தியவான்_அக்கா
அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள் தம்பி. எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. என் அத்தை தன் அக்கா மகளுக்காக ஐந்து வருஷம் கட்டினார், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் அத்தையின் பெயரில் இரண்டாவதாகக் குளிர்பெட்டி எடுத்தாள். அத்தை செய்தது பாசம் என்று ஊர் சொன்னது. எனக்கு இன்றுவரை அப்படித் தோன்றவில்லை.

பசார்_மாலாம்
சொந்தக்காரனைப் போலிசில் கொடுப்பது நம் பழக்கம் இல்லை. பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாமே. கோயில் தலைவரிடம் சொல்லுங்கள்.

லாடாங்_மகள்
கோயில் தலைவர் பேசினால் கம்பெனி வழக்கை நிறுத்துமா? மோட்டார் விபத்தில் சிக்கினால் அவர் வந்து பதில் சொல்வாரா?

தம்பி, ரிப்போர்ட்டில் யார் பெயரையும் எழுத வேண்டியதில்லை. எழுதவும் கூடாது. உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் அம்மா சொல்லட்டும். இந்தத் தேதியில் இந்தக் கடிதம் வந்தது. இந்தக் கடனை நான் எடுக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை, ஐசியை யாருக்கும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். சந்தேகத்தை உண்மை போல எழுதினால் அதுவே பொய் ரிப்போர்ட் என்று உங்கள் மேல் திரும்பும். யார் செய்தது என்று கண்டுபிடிப்பது போலிஸ் வேலை.

முன்னாள்_கிராணி
இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். மோட்டார் வைத்திருந்தான், வீட்டில் படுத்திருந்தான் என்பது சாட்சி ஆகாது. இந்த ஊரில் ஒய்15 இல்லாத பையன் யார்? உங்கள் அம்மாவின் ஐசி நகல் எத்தனை கைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். தோட்ட ஆபீஸ், கோயில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம், உதவித்தொகைப் பாரம், போட்டோஸ்டெட் கடையில் தப்பாக விழுந்து குப்பையில் போட்ட காகிதம். 2017-ல் இந்த நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள் வெளியே கசிந்தன, ஐசி நம்பரும் வீட்டு விலாசமும் சேர்த்து. மலேசிய மக்கள்தொகையைவிட அதிகம். நம்பர் வேண்டுமென்றால் ஆணியில் தொங்குகிற பையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடன் பைலில் இருக்கிற ஐசி நகலைப் பாருங்கள். அது பேசும்.

பால்மரம்72
முன்னாள் கிராணி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் சேமநிதி அறிக்கையில் ஒருநாள் பார்த்தால், ஜொகூரில் ஒரு கம்பெனி எனக்குச் சந்தா கட்டியிருக்கிறது. நான் ஜொகூர் போனதே ஒரு கல்யாணத்துக்கு. யாரோ என் நம்பரில் வேலை செய்திருக்கிறார்கள். காசு எனக்கு வந்ததே என்று என் மகன் சிரித்தான். வருமான வரிக் கடிதம் வந்தபோது சிரிப்பு நின்றது. இதைச் சொந்தக்காரன் எவனும் செய்திருக்க முடியாது.

இன்னொருவர் ஐசியைப் பயன்படுத்துவது தேசியப் பதிவு விதிகளின்படி பெரிய குற்றம். மூன்று வருஷம் வரை ஜெயில், 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இது தெரிந்தும் துணிகிறார்கள்.

மெலிந்தாங்_பையன்
ரிப்போர்ட் போட்டாகிவிட்டது. கிராணி ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பேரு எழுத வேணாம்ல?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். போலிஸ்காரர் மலாயில் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார். குழப்பம் ஒன்றும் இல்லை.

ஒரு கேள்வி. கம்பெனி என்றாலே கட்டைவிரல் ரேகை வைப்பார்களே? ரேகை வைக்காமல் எப்படிக் கடன் கொடுத்தார்கள்?

சித்தியவான்_அக்கா
அதைத்தான் கடிதத்தில் கேட்க வேண்டும். மைகாட், அதாவது இப்போதைய ஐசி அட்டையின் சிப்பில் ரெண்டு கட்டைவிரல் ரேகையும் இருக்கிறது. கருவியில் அட்டையைச் செருகி விரலை வைத்தால் ஒத்துப்போகிறதா என்று காட்டும். பேங்கில் பெரும்பாலும் அப்படித்தான். சில கடைகளில் வெறும் நகலை வாங்கிக்கொண்டு தள்ளிவிடுகிறார்கள். கமிஷன் அவர்களுக்கு முக்கியம். "அட்டையை நேரில் பார்த்தது யார், ரேகை எடுத்த பதிவு எங்கே?" என்று கேளுங்கள்.

முன்னாள்_கிராணி
நம் ஆட்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இருபது வருஷம் ரப்பர் பால்வெட்டிய கையில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும். கருவி எடுக்காது. நான்கு தடவை வைக்கச் சொல்லிவிட்டு, "பரவாயில்லை, கையெழுத்துப் போடுங்கள் மாமி" என்று விட்டுவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் கள்ளனும் நுழைகிறான்.

மெலிந்தாங்_பையன்
ஐயா, அம்மாவும் 17 வருஷம் பால்வெட்டியவர்தான்.

மெலிந்தாங்_பையன்
பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். கம்பெனிக் கிளைக்குப் போனோம். முதலில் பைலைக் காட்ட மாட்டோம் என்றார்கள். ரிப்போர்ட் நகலையும் 2010 சட்டத்தையும் சொன்ன பிறகு மேனேஜர் வந்தார், பிரதி கொடுத்தார். அதைத்தான் எழுத வந்தேன், கை இன்னும் நடுங்குகிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்து, ஆங்கில எழுத்தில், வளைத்து வளைத்து, கீழே ஒரு கோடு இழுத்து ஸ்டைலாக இருக்கிறது. என் அம்மா தமிழில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார். அதையும் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதுவார். சேமநிதிப் பாரம், சம்பளப் பட்டியல், என் பள்ளி ரிப்போர்ட் புத்தகம், எதிலும் தமிழ்தான். மேனேஜரிடம் என் பழைய ரிப்போர்ட் புத்தகத்தைக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை.

கிராணி ஐயா, நகல் பேசியது. ஐசி நகலின் மேல் மூலையில் பேனாவால் "சி 14" என்று எழுதியிருக்கிறது. எங்கள் லயம், எங்கள் வீடு. போன வருஷம் வீடு பழுதுபார்க்க உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் வீடு வீடாக நகல் வாங்கிப் போனார். கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பரை அவரே மூலையில் எழுதினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உதவித்தொகை யாருக்கும் வரவில்லை. பெயர் இங்கே எழுதமாட்டேன், ஐஓவிடம் (போலிஸ் விசாரணை அதிகாரியிடம்) சொல்லிவிட்டேன். சி லயத்தில் இன்னும் பதினைந்து வீடு இருக்கிறது. நேற்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சிசிரிஸ் பார்க்கச் சொன்னேன்.

மாமா மகனின் மோட்டார் அவன் அப்பா பெயரில் வாங்கியது. அந்த மனுஷனிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

லாடாங்_மகள்
சி லயத்து வீடுகளில் யாருக்காவது கடிதம் வந்தால் தனித்தனியாக ரிப்போர்ட் போடச் சொல்லுங்கள், உங்கள் ரிப்போர்ட் நம்பரையும் அதில் குறிப்பிடட்டும். அப்போதுதான் ஒரே ஐஓவிடம் போகும் வாய்ப்பு இருக்கிறது. செக்ரோல் கிடைத்ததா?

மெலிந்தாங்_பையன்
கிடைத்தது அக்கா. ஒப்பந்தத் தேதியன்று அம்மா வேலையில் இருந்திருக்கிறார். ஏழு மூட்டை.

பசார்_மாலாம்
நான் ஒன்று கேட்கலாமா? என் கூட்டாளி ஏடிஎம் கார்டை மாதம் 300 வெள்ளிக்கு ஒருவரிடம் வாடகைக்குக் கொடுத்திருக்கிறான். இதுவும் ஐசி திருட்டு மாதிரி ஆகுமா?

சித்தியவான்_அக்கா
ஆகாது, அதைவிட மோசம். அங்கே திருடப்பட்டவன் இல்லை உன் கூட்டாளி, கழுதை. போலிஸும் அப்படித்தான் சொல்கிறது, கெல்டாய் அக்காவுன், அதாவது மோசடிப் பணத்தைச் சுமக்கும் கழுதைக் கணக்கு. 2024-ல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப்பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். கார்டைக் கொடுத்தவனும் குற்றவாளி. இன்றைக்கே கார்டை முடக்கி, பேங்கில் சொல்லச் சொல். இதை இங்கே வளர்க்க வேண்டாம், தனி இழை போடு.

கோப்பிக்கடை
அண்ணனுக்கு 107ஏ எழுதிக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் ஐஓ போன் செய்தார். லாடாங்_மகளுக்குக் கோப்பி என் கணக்கு.

மெலிந்தாங்_பையன்
கடைசியாக ஒரு தகவல். கம்பெனி கணக்கை நிறுத்தி வைத்திருப்பதாகக் கடிதம் கொடுத்துவிட்டது. வழக்கு இல்லை, விசாரணை முடியும்வரை அம்மாவைத் தொந்தரவு செய்ய மாட்டார்களாம். மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. ஐஓ அம்மாவைக் கூப்பிட்டு வெள்ளைத்தாளில் பத்துத் தடவை கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா நிதானமாக, பத்தும் தமிழில் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது மேல் பக்கம் என்று கேட்டார்.

பால்மரம்72
தம்பி, இனிமேல் நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்காக என்று எழுதச் சொல்லுங்கள். மலாயில் "உந்தோக் துஜுவான்" (இந்த நோக்கத்துக்காக) என்று தொடங்கி, காரணமும் தேதியும் போட்டு, "சஹாஜா" (மட்டும்) என்று முடித்தால் போதும். கோடு முகத்தின் மேலும் நம்பரின் மேலும் ஓட வேண்டும், நம்பர் மட்டும் படிக்கத் தெரிய வேண்டும்.

மெலிந்தாங்_பையன்
அம்மா தொடங்கிவிட்டார் ஐயா. போன வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானக் குழுவுக்கு நகல் கேட்டார்கள். கார்பன் பேனாவால் இரண்டு கோடு இழுத்து, நடுவில் தமிழில் "சாமி காரியத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தார். நம்பர் மறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து வேறு நகல் எடுத்து, இந்த முறை பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டார். பென்சில் அழியும் என்று சொல்லி மறுபடி பேனாவைக் கையில் கொடுத்தேன்.